மாரீஸ்வரிக்கு மட்டும் வரவில்லை

வீக்கம் இல்லை என்று நர்ஸ் சொன்னதும் மாரீஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது. முன்கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஊசி குத்திய இடத்தைத் தானே விரலால் அழுத்திப் பார்த்தாள். கொசு கடித்த தடிப்புகூட இல்லை.

"நல்லா பாத்துச் சொல்லுங்க சிஸ்டர். லேசா செவந்திருக்குல்லா?"

நர்ஸ் ஸ்கேலை மேஜைமேல் வைத்துவிட்டு அவளை ஒருமாதிரியாகப் பார்த்தாள். டி.பி. கிருமி உடம்புக்குள் போயிருந்தால் அந்த இடம் தடித்து வீங்கும். எல்லாரும் வீங்கிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு கையை நீட்டுவார்கள். இந்தப் பெண் வீங்கவில்லையே என்று சண்டைக்கு வருகிறாள்.

மாரீஸ்வரி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்து ஒன்றில் ஒற்றை அறை வீடு, அந்த ஊர்ப் பேச்சில் கோலி. புருஷன் பிரம்மநாயகம் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தான். அந்த அறைக்குள்தான் அவனும் அவளும், மகள் மாலதியும், மாமியார் பார்வதியம்மாளும். மாரீஸ்வரிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஜீன்ஸ் தைக்கும் கார்கானாவில் அவளுக்கு தாகா கட்டிங், அதாவது தைத்து முடித்த துணியில் தொங்கும் நூலை வெட்டும் வேலை. தன் கட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவளின் கட்டை இழுத்து வைத்துக்கொள்வாள். பேச்சும் அப்படித்தான். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவாள்.

பிரம்மநாயகத்துக்கு வந்தது சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை, அதனால் காதுக்குள் ஓயாத இரைச்சல். மாரீஸ்வரி அவன் பக்கத்திலேயே படுத்தாள். அவன் துப்பிய டப்பாவைக் கழுவினாள். பாதியில் வைத்துவிட்ட சோற்றை வீணாக்க மனசில்லாமல் அவளே தின்றாள். ஒரு வருஷம் போராடிவிட்டு அவன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு மாலதிக்குக் கழுத்தில் கட்டி கிளம்பியது. அதுவும் அதே நோய். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி இந்தக் காற்றே வேண்டாம் என்று டோம்பிவிலியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய், அங்கிருந்தே படிக்கிறாள். பிறகு பக்கத்துக் கோலி ஜெயினுலாப்தீன். சாயங்காலமானால் பிரம்மநாயகத்தோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த பெரியவர். அவருக்கும் வந்துவிட்டது.

மாரீஸ்வரிக்கு மட்டும் ஒன்றுமில்லை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பு இளைக்கவும் இல்லை.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் முதலில் வாயைத் திறந்தது பார்வதியம்மாள்தான்.

"அவளத் தொட்டவன்லாம் படுக்கான். அவ மட்டும் கல்லு கணக்கா நிக்கா. எம்மவன முழுங்கிட்டா, பேத்தியையும் முழுங்கப் பாத்தா. இப்பம் அடுத்த வீட்டுக்குப் போயிட்டா."

மகனைப் பறிகொடுத்த ஆத்திரம் என்று சந்து முதலில் விட்டுவிட்டது. ஜெயினுலாப்தீன் படுத்த பிறகு அப்படி விடவில்லை. அவருடைய மருமகள் நஸீரா மாரீஸ்வரியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவளே குடத்தைத் தள்ளி வைத்தாள். "நோய உள்ள வச்சிக்கிட்டு மத்தவங்களுக்குக் குடுக்கிற ஆளுங்க இருக்காங்களாமே" என்று யாரோ சொன்னது மாரீஸ்வரியின் காதிலேயே விழுந்தது.

மறுத்துச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கே அது உண்மையாக இருக்குமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று வேண்டுமென்றே இருமிப் பார்ப்பாள். மருந்துக்கடை எடை மெஷினில் தினமும் ஏறி இறங்குவாள். கார்கானாவில் யாராவது தும்மினால் கத்தரிக்கோல் கையில் நின்றுவிடும். ஒருதரம் தனக்கும் வந்துவிட்டால் போதும், தானும் மற்றவர்களைப் போல ஒரு நோயாளி என்று ஆகிவிடும், வாயை மூடுவார்கள் என்று நினைத்தாள். அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போய்க் கையை நீட்டினாள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் ஹரிதா அவளைப் பிடித்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து இப்போது செம்பூரில் இருப்பவள். டி.பி. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் நோய் தொற்றாதவர்களின் ரத்தத்தை ஆராய்கிறவள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியும் மாரீஸ்வரி அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டாள்.

"உங்க ரத்தம் கொஞ்சம் குடுப்பேளா? ரெண்டு வருஷத்துக்கு அப்பப்போ எடுத்துப்போம்" என்று ஹரிதா கேட்டாள்.

"எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சிச் சொல்லிருங்க."

எதற்கு, என்ன என்று மற்றவர்கள் கேட்ட கேள்வி எதையும் அவள் கேட்கவில்லை. கூப்பிட்ட போதெல்லாம் போனாள். ஹரிதா கூப்பிடத் தாமதமானால் இவளே போன் செய்து, "எப்பம் வரணும்?" என்பாள்.

கடைசியில் கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை. ஹரிதா சந்தோஷம் தாங்காமல் போன் செய்து வரச்சொன்னாள். மாரீஸ்வரி கார்கானாவுக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டுப் போனாள். லேபுக்கு வெளியே இருந்த கேண்டீனில் உட்கார்ந்து, ஹரிதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"நம்ம ரத்தத்துல வெள்ளணுன்னு இருக்கில்லையா, அதுல பல ஜாதி. வெளியிலேருந்து கிருமி வந்தா ஒரு ஜாதி அணு அலாரம் அடிக்கும். அந்த அலாரத்தத்தான் டெஸ்ட்ல பாக்கறோம். உங்கள மாதிரி சிலபேருக்குக் கிருமி பக்கத்துலயே இருந்தும் அலாரமே அடிக்கல்லை. ஏன்னு பாத்தா, வேற ஒரு ஜாதி அணு உங்ககிட்ட ஜாஸ்தியா இருக்கு. சத்தம் போடாத வாட்ச்மேன் மாதிரி. திருடன் உள்ள கால வைக்கறச்சயே பிடிச்சுடறது போலிருக்கு."

"போலிருக்குன்னா?"

"அப்படித்தான் நினைக்கறோம். முழுசா நிரூபிக்க இன்னும் நாளாகும்."

"சரி. இதுல எம்பேரு எங்க இருக்கு?"

ஹரிதா திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். நீலத்தில் கொஞ்சம் புள்ளிகள், சிவப்பில் கொஞ்சம்.

"இந்த நீலப் புள்ளிகள்ல ஒண்ணு நீங்க."

"எது?"

"அது சொல்லக் கூடாது மாரீஸ்வரிக்கா. ரத்தம் குடுத்தவா யார் பேரும் வெளியில வரக் கூடாது. அதான் சட்டம். உங்க நல்லதுக்குத்தான்."

மாரீஸ்வரி அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆடை கட்டிப்போயிற்று.

"எனக்கென்ன நல்லது? சந்துல எம்மேல பழி போடுதவ, மாரீஸ்வரின்னு பேரச் சொல்லித்தான போடுதா? பழிக்குப் பேரு உண்டு, என் ரத்தத்துக்குப் பேரு கெடையாதா?"

ஹரிதாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. இரண்டு வருஷமாக வந்து போனவள் இதைச் சொன்னதில்லை, ஹரிதாவும் கேட்டதில்லை. அதற்குள் மாரீஸ்வரி எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே கார்கானா சேட்டும் அவளைக் கூப்பிட்டார். கூட வேலை செய்யும் பெண்கள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்கிறார்களாம். "கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு, நான் சொல்லி அனுப்புகிறேன்" என்று இந்தியில் தன்மையாகத்தான் சொன்னார். வீட்டில் இருப்பது என்றால் பார்வதியம்மாளோடு இருப்பது. மாரீஸ்வரி பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். தொண்ணூறு அடி ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள், திரும்பி வந்தாள். ஒரு நாள் திரும்பாமல் பஸ் ஏறிச் செம்பூரில் இறங்கி, விசாரித்து, ஹரிதாவின் வீட்டு பெல்லை அடித்துவிட்டாள்.

ஹரிதாவின் அப்பா ஜெயராம் கதவைத் திறந்தார். வேலைக்கு ஆள் கேட்டு யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, "வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்காளேம்மா" என்றார்.

"நான் ஒங்க மகளுக்கு ரத்தம் குடுத்தவ" என்றாள் மாரீஸ்வரி.

அவர் திகைத்துப்போய் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். ஹரிதா ஓடி வந்தாள்.

"பேரு போட முடியாதுன்னா விடுங்க. நீங்க எங்க சந்துக்கு வந்து, இவகிட்ட நோயில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது? உங்க உடம்பு விஷயத்த நான் வெளியில பேசக் கூடாது."

"என் ஒடம்பு. என் ரகசியம். நாந்தான் சொல்லச் சொல்லுதேன். வேற யாருட்ட கேக்கணும்?"

ஹரிதா ஆபீஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டாள் போலிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தாள்.

சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். நஸீரா வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பெண்கள் அவரவர் வாசல்படியில் நின்றார்கள். பார்வதியம்மாள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். ஹரிதா கூட்டங்களில் பேசிப் பழகியவள்தான். ஆனால் இங்கே முதல் வாக்கியமே பாதி இங்கிலீஷில் போயிற்று.

"கொஞ்சம் புரியறாப்ல சொல்லுங்களேன்" என்றாள் நஸீரா.

ஹரிதா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. வாட்ச்மேன் கதையையே மறுபடி சொன்னாள். பிறகு, "இவா ரத்தத்த ரெண்டு வருஷமா பாத்துண்டிருக்கேன். எக்ஸ்ரே, சளி எல்லாம் பாத்தாச்சு. நோய் இல்லவே இல்லை. தன்கிட்ட இல்லாத கிருமிய ஒருத்தர் எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்க முடியும்?" என்றாள்.

நஸீரா தலையைக் குனிந்துகொண்டாள். மாரீஸ்வரிக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது.

அப்போது பார்வதியம்மாள் கேட்டாள்: "அவ குடுக்கலன்னா எம்மவனுக்கு யாரு குடுத்தா?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நிலையைப் பிடித்துக் குனிந்து இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஹரிதா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள். "அம்மா, இந்த இருமல் உங்களுக்கு எவ்வளவு காலமா இருக்கு?"

"இதுவா? கும்பார்வாடா பானச் சூளப் பொகம்மா. அங்க பக்கத்துலதான முன்னாடி இருந்தோம். வருசக்கணக்கா கெடக்கு."

ஹரிதா மாரீஸ்வரியைப் பார்த்தாள். மாரீஸ்வரிக்கு அந்தப் பார்வை புரிந்தது. அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. பிரம்மநாயகத்துக்கு நோய் என்று தெரிந்து வீட்டில் எல்லாரையும் சோதிக்க வந்தபோது பார்வதியம்மாள் மகள் வீட்டுக்கு டோம்பிவிலி போயிருந்தாள். மாலதிக்கு வந்தபோதும், எனக்கு எதற்கு ஊசி என்று அங்கேதான் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஹரிதா அங்கே வேறு எதுவும் சொல்லவில்லை. "இந்தச் சந்துல எல்லாருமே ஒருதரம் பாத்துக்கறது நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

பார்வதியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவது லேசாக இல்லை. மாரீஸ்வரி கெஞ்சினாள், கத்தினாள். கடைசியில், "எனக்குப் பாக்கத்தான் போறேன் அத்த. இந்தத் தடவ வந்திருக்கும்னு தோணுது. தொணைக்கு வாங்க" என்றாள். அதைக் கேட்டதும் கிழவி கிளம்பிவிட்டாள்.

இருவரும் சளி கொடுத்தார்கள். மாரீஸ்வரிக்கு எப்போதும்போல இல்லை. பார்வதியம்மாளுக்கு இருந்தது. அதுவும் பிரம்மநாயகத்துக்கு இருந்த மாதிரியே வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாதது. டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில் பழைய கதை வெளியே வந்தது. மகன் படுப்பதற்கு ரொம்ப முன்னால், நெஞ்சுச் சளி என்று எங்கோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். வாந்தி வருகிறதென்று பாதியில் விட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மாரீஸ்வரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சந்துக்கு ஓடிப்போய், யாருன்னு கேட்டியளே, இந்தா இருக்கா பாருங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன. சிக்னல் வரை போன பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லையென்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். பார்வதியம்மாள் தூரத்தில் பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறி நின்றாள். மாரீஸ்வரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பிப் போய்க் கிழவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"ரிசல்ட் என்னாச்சு?" என்று நஸீரா வாசலிலேயே கேட்டாள்.

"அத்தைக்கு மருந்து குடுத்திருக்காவ" என்றாள் மாரீஸ்வரி. அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் குடத்தை எடுத்தாள், வைத்தாள், விளக்குமாற்றை எடுத்தாள். நாக்கு நுனியில் நிற்கிறதை விழுங்குவது அவளுக்கு உடம்பு வலியாக வலித்தது.

மறுநாள் ஹரிதாவுக்குப் போன் செய்தாள்.

"அவுககிட்டருந்துதான் எல்லாருக்கும் வந்திச்சா?"

"இருக்கலாம். ஒரே மாதிரி கிருமிங்கறதால அப்படித்தான்னு முடிவு கட்ட முடியாது. இந்த ஊர்ல பஸ்ல, ட்ரெயின்ல, எங்கேருந்து வேணா வந்திருக்கலாம். ஆனா..."

"ஆனா?"

"உங்க வீட்டுக்காரரோட சாம்பிள் இன்னும் ஆஸ்பத்திரி ஃபிரீசர்ல இருக்கு. அத்தையோடதையும் வச்சு, ரெண்டு கிருமியோட ஜீன ஒத்துப் பாத்தா ஓரளவு சொல்லலாம். நீங்களும் அத்தையும் சம்மதிச்சாத்தான். யோசிச்சுச் சொல்லுங்கோ."

இத்தனை வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த பதில் ஒரு ஃபிரீசரில் இருந்தது. மாரீஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

மாத்திரைகள் இப்போது ஆறு மாதம்தான், ஊசி கிடையாது. ஆனாலும் பார்வதியம்மாளுக்கு வயிற்றைப் புரட்டியது. எடுத்துக் கொடுத்து, விழுங்குகிறவரை எதிரே உட்கார்ந்திருப்பது மாரீஸ்வரியின் வேலையாயிற்று. ஒரு மத்தியானம் கிழவி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் இருந்தாள்.

"ஏட்டி, எம்மவனுக்கு நாந்தான் குடுத்தேனா?"

இந்தக் கேள்விக்கு மாரீஸ்வரி எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். ரோட்டில் நடக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்கள்.

"தெரியாது அத்த."

"டாக்டரம்மாவுக்கு?"

"அவுகளுக்கும் தெரியாதாம்."

"மாலதிக்கு?"

"தண்ணி இந்தா இருக்கு. மாத்திரையப் போடுங்க."

பார்வதியம்மாள் விழுங்கினாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "ஒன்ன நான் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன்" என்றாள்.

"ஆமா, பேசினிய" என்றாள் மாரீஸ்வரி. பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, சொல்லவும் இல்லை. எழுந்து டம்ளரைக் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு காலை தண்ணீர் வரும் நேரத்தில் மாரீஸ்வரியின் குடத்தை ஒருத்தி காலால் நகர்த்தினாள். பார்வதியம்மாள் வாசலில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தபடியே, "சீக்கு எனக்கு. அவளுக்கு இல்ல. கொடத்த எடுத்து ஒழுங்கா வையி" என்று சத்தம் போட்டாள். சந்து முழுக்கக் கேட்டது. நஸீரா போய்க் குடத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

பழி நின்றுவிட்டதா என்றால், இடம் மாறியது. இப்போது கிழவியைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதற்கும் சண்டை போட ஆள் மாரீஸ்வரிதான். "மருந்து சாப்பிடுதவகிட்டருந்து பரவாது, தெரியுமா? தெரியலன்னா டாக்டரம்மாவ இன்னொரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன்" என்று மல்லுக்கு நின்றாள். நஸீராவும் கூட நின்றாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சாப்பிடத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

கார்கானா சேட் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மாரீஸ்வரி போகவில்லை. ஆண்டாப் ஹில்லில் வேறு கார்கானாவில் சேர்ந்துகொண்டாள். ஆறு மாதம் முடிந்து பார்வதியம்மாளுக்குச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. உடம்பு கொஞ்சம் தேறியதும் குழம்பில் உப்பு சரியில்லை என்று பழையபடி குற்றம் சொல்ல ஆரம்பித்தாள். மாலதி விடுமுறை நாள்களில் டோம்பிவிலியிலிருந்து வந்து போகிறாள். பாட்டிக்கும் அதே நோய் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

ஹரிதா அடுத்த ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறாள். அதற்கும் மாரீஸ்வரி ரத்தம் கொடுக்கிறாள். கடைசியாகப் போனபோது, பஞ்சை வைத்துக் கையை மடித்துப் பிடித்திருந்தவளிடம் ஹரிதா கேட்டாள்: "அந்த சாம்பிள் விஷயம் நீங்க ஒண்ணும் சொல்லவே இல்லையே? வேண்டாம்னா பரவாயில்லை. நான் இனிமே கேக்கல்லை."

மாரீஸ்வரி எழுந்தாள், பையை எடுத்தாள், கதவுவரை போனாள். அங்கே நின்றாள்.

"இப்பம் பாக்க வேண்டாம்" என்றாள். "ஆனா தூக்கிப் போட்டிராதிய."